உன் கார்டை முடக்கியவன் நான்தான்

நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பாணேர் என்னும் தூரதேசத்துக்குக் குடியேறப் போகிற என் மகன் ஆறுமுகத்துக்கு, புனே மாநகரின் ஔந்த் சாம்ராஜ்யத்தின் இரண்டாவது மாடியில், லிஃப்ட் ஓடாத நாட்களிலும் செங்கோல் தாழாமல் ஆட்சி நடத்திவரும் உன் தகப்பன் எழுதிக்கொண்டது. முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஆசீர்வாதமெல்லாம் பிறகு. போன சனிக்கிழமை கட்டில் வாங்கப் போன கடையில் உனக்கு மனைவியாக வரப்போகிற நித்யா பக்கத்தில் நிற்க, பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நிற்க, உன் கார்டு மூன்று தடவை மறுக்கப்பட்டதே, நீயும் அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்து நீட்டினாயே, எனக்குப் போன் போட்டு, "அப்பா, டிக்ளைன் டிக்ளைன்னே வருது, உங்களுக்கு ஏதாச்சும் மெசேஜ் வந்துச்சா?" என்று கேட்டாயே, நானும் நாக்கு கூசாமல், "சர்வர் கோளாறா இருக்கும்லே" என்றேனே. அன்றைக்கு இமயம் முதல் குமரி வரை எந்த சர்வருக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. என் கணக்கின்கீழ் உனக்கு வாங்கித்தந்த ஆட்-ஆன் கார்டை, அதற்கு நான்கு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில், நானே வங்கிக்குப் போன் செய்து மூடிவிட்டேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கட்டிலுக்கு நித்யா தன் போனிலிருந்து பணம் அனுப்பினாள் என்றும், நீ நாற்பது நிமிஷம் வங்கியின் வீணை இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாய் என்றும் அம்மா சொன்னபோது, நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இதை நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் நான் பாதியில் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன், அது உனக்கும் தெரியும். தமிழில் எழுதினால் நீ ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும் என்பதும் தெரியும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்த நித்யா இதை உனக்கு வாசித்துக் காட்டட்டும், அவளுக்கும் இதில் பாத்தியதை உண்டு. நம் தமிழ்ச் சங்கத்தார் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதையே கொடுத்துவிடப் போகிறேன். புனேயில் உள்ள அத்தனை தமிழ்க் குடும்பத்துக்கும் தெரிந்துவிட்டால், நாளைக்கே மனசு மாறி வங்கிக்கு மறுபடி போன் செய்ய எனக்கு முகம் இருக்காது பார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நம் சாப்பாட்டு மேஜையில் ஒரு மகாயுத்தம் நடந்தது. லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நீயும் நித்யாவும் புதுக் குடித்தனத்துக்கு எந்த கேஷ்பேக் கார்டு வாங்குவது என்று மோதிக்கொண்டிருந்தீர்கள். ஒரு பக்கம், வருஷக் கட்டணம் இல்லாத கார்டு, எதை வாங்கினாலும் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் திரும்பி வரும். இன்னொரு பக்கம், வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம், வரி தனி, ஆனால் ஆன்லைனில் வாங்கினால் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வரும், கடையில் வாங்கினால் ஒன்றுதான். "பணம் செலவு பண்றதுக்கு எதுக்கு நாம பணம் கட்டணும்? பாகல் ஹை க்யா? பைத்தியமா நமக்கு?" என்று நீ. "ஏனுங்க, மூணு மாசத்து ஆர்டரெல்லாம் கூட்டிப் பாத்தாச்சு. மாசம் ஒம்பதாயிரம் ஆன்லைன்லயே போகுது. அந்தக் கட்டணத்தக் கழிச்சாலும் இதுலதான் மிச்சம்" என்று அவள். நான் மகா நடுவராக நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மிக்ஸரைக் கொறித்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நீ ஒரு வார்த்தை சொன்னாய். "இல்ல நித்யா, நமக்கு ஃப்ரீ கார்டே போதும். பெரிய செலவெல்லாம் அப்பா கார்டுல போட்டாகணும். இல்லேன்னா அப்பாவுக்கு ஃபீஸ் தள்ளுபடி கிடைக்காது." நான் மிக்ஸர் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நித்யா லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் கேட்டாள்: "அப்போ கல்யாணத்துக்கு அப்புறமும் ஓடிபி மாமாகிட்டத்தான் கேக்கணுமா?"

நீ சிரித்தாய். அம்மா சிரித்தாள். நான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் அந்தக் கார்டின் ஸ்தலபுராணத்தைச் சொல்லியாக வேண்டும். நீ எஞ்சினியரிங் படிக்கக் கோலாப்பூர் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் அதை வாங்கினேன். "எமர்ஜென்சிக்கு வச்சுக்கலே" என்று உன்னிடம் கொடுத்தேன். உன் முதல் எமர்ஜென்சி நாற்பது ரூபாய் மிசல், அந்த ஊர்க் காரச் சிற்றுண்டி. கார்டை எங்கே தேய்த்தாலும் செய்தி என் போனுக்குத்தான் வரும். ஆன்லைனில் எதையாவது வாங்கினால் அந்த ஆறு எண் ஓடிபியும் எனக்குத்தான் வரும். முப்பத்தொரு வருஷம் அரசாங்கத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, ஒரு திருகாணி வெளியே போனாலும் கையெழுத்து வாங்கிவைத்த ஆளுக்கு இதைவிட என்ன சொர்க்கம் வேண்டும்? தொண்ணூறு ரூபாய் மெஸ் என்றால் மத்தியானம் சாப்பிட்டாய். முப்பது ரூபாய் ஜெராக்ஸ் கடை என்றால் பரீட்சை நெருங்குகிறது. பேருந்து டிக்கெட் என்றால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறாய், கோழி வாங்க வேண்டும். நீ போனில் என்றைக்காவது இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசியது உண்டா? "ம்", "சரிப்பா", "டீக் ஹை", அவ்வளவுதானே. ஆனால் வங்கி என்னோடு வாயாடியது. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை, என் மகன் இந்த பூமண்டலத்தில் எந்த இடத்தில், எத்தனை ரூபாய்க்கு உயிரோடு இருக்கிறான் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

படிப்பு முடிந்து வீட்டுக்கே திரும்பி, இங்கே ஹிஞ்சேவாடியில் வேலை கிடைத்த பிறகு உனக்கென்று சம்பளக் கணக்கு வந்தது, யூபிஐ வந்தது. ஆனாலும் நீ அந்தக் கார்டையே தேய்த்தாய், மாசம் பிறந்ததும் கணக்குப் பார்த்துப் பணத்தை எனக்கு அனுப்பிவைத்தாய். உன் மீட்டிங்குக்கு நடுவே குசுகுசுவென்று, "அப்பா, ஓடிபி, ஜல்தி" என்பாய். நான் ஆறு எண்களையும் கும்பாபிஷேகத்து ஐயர் மாதிரி நிறுத்தி நிறுத்தி ஓதுவேன். சில நாள் வேண்டுமென்றே ஐந்தாவது எண்ணில் இருமுவேன், நீ இன்னும் இரண்டு விநாடி லைனில் இருப்பாய் என்று. உன் காதலைக்கூட உலகத்தில் முதலில் கண்டுபிடித்த விஞ்ஞானி நான்தான். நூற்றெண்பதாக இருந்த உன் சாயங்கால காபிக்கடை பில், ஒரு புதன்கிழமை முந்நூற்று எழுபதாக ஆனது. அடுத்த புதனும் முந்நூற்று எழுபது. "நம்ம பையன் ஒண்ணு வயித்துல பூச்சியோட இருக்கான், இல்லே பக்கத்துல ஆளோட இருக்கான்" என்று அம்மாவிடம் சொன்னேன். நீ எங்களிடம் வந்து, கைவிரலைச் சொடக்குப் போட்டபடி, "ஒரு பொண்ணு இருக்கா" என்று ஆரம்பிப்பதற்கு ஏழு மாசம் முன்னாலேயே, அவள் சர்க்கரை இல்லாத காபி குடிக்கிறவள் என்பதைத் தவிர மற்ற எல்லாம் எனக்குத் தெரியும். அதை நினைத்து ரொம்பப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது எழுதிப் பார்க்கையில் அவ்வளவு பெருமையாகத் தெரியவில்லை.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரி நாள். உனக்கும் எனக்கும் நடுவில் நாம் பேசாமலேயே மூடிவைத்த விஷயம். ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு என் போனில் ஒரு செய்தி வந்தது. பாணேரில் ஒரு ஆஸ்பத்திரி, இருபதாயிரம் ரூபாய். உனக்குப் போட்டேன், எடுக்கவில்லை. பத்து தடவை போட்டேன். அம்மா நைட்டிமேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள், நான் இடது கால் செருப்பையே இரண்டு காலுக்கும் தேடினேன். ரிக்‌ஷாக்காரரிடம் மராத்தியும் தமிழும் கலந்து நான் கத்திய கத்தலில் அவர் சிக்னலை எல்லாம் மதிக்கவே பயந்தார். ஆஸ்பத்திரி வரவேற்பில் போய், "மாஜா முல்கா குட்டே? என் பிள்ளை எங்கே?" என்று நான் போட்ட சத்தத்துக்கு மூன்று மாடி நோயாளிகள் குணமாகி எட்டிப் பார்த்திருப்பார்கள். நீ பணம் கட்டும் கவுண்டர் பக்கத்திலேயே நின்றிருந்தாய், கையில் இரண்டு டீயோடு, முழுசாக. உன் ஆபீஸ் நண்பன் சமீரின் மனைவிக்குப் பிரசவ வலி, அவன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றதால் நீ முன்பணம் கட்டியிருக்கிறாய். அம்மா உன் கையைத் தடவி, காலைத் தடவி, மண்டையைத் தடவி எலும்பெல்லாம் எண்ணினாள். நான் உன்னைக் கட்டிக்கொண்டு, உன் ஆபீஸ் ஆட்கள் ஆறு பேர் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதேன். சமீரின் மாமியார் நமக்குத்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நீ எங்களை லிஃப்ட் ஓரமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாய்: "அப்பா, எனக்கு இருபத்தஞ்சு வயசு. ப்ளீஸ்பா."

அதற்குப் பிறகு செய்திகள் நின்றுவிட்டன. நீ கோபப்படவில்லை, சாப்பாட்டு மேஜையில் வழக்கம்போல அப்பளத்துக்குச் சண்டை போட்டாய், ஆனால் கார்டைத் தொடவில்லை. இரண்டு மாசம். வங்கி ஊமையாகிப் போனது. எனக்கு வந்ததெல்லாம் கடன் வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா, முடி கொட்டுகிறதா என்கிற செய்திகள்தான். ஒரே வீட்டில் தூங்கி எழுகிற பிள்ளை எனக்கு அப்போதுதான் கோலாப்பூரைவிடத் தூரத்தில் இருந்தான். அந்த நாட்களில்தான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். "ஏலே, வருஷம் ரெண்டு லட்சம் செலவு காட்டுனாத்தான் இந்தக் கார்டுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணுவான். நானும் அம்மையும் என்னத்த செலவழிக்கப் போறோம், உன் செலவும் சேந்தாத்தான் உண்டு" என்றேன். நீ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அட, முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா?" என்று மறுநாளே தேய்க்க ஆரம்பித்தாய். மெஸ், பெட்ரோல், செருப்பு, எல்லாம். உன் நல்ல மனசை வைத்தே உன்னை ஏமாற்றினேன். அந்த வருஷம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம், ஃப்ரிட்ஜ் மாற்றினோம், அம்மாவுக்குப் பல் கட்டினோம். இரண்டு லட்சம் எப்போதோ தாண்டியிருந்தது. அடுத்த வருஷங்களில் தாண்டாமல் போயிருந்தாலும் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். உன்னைப் பற்றி நாளுக்கு ஐந்து செய்தி தருகிற பத்திரிகைக்கு வருஷ சந்தா ஆயிரம் ரூபாய் என்றால் கொள்ளை மலிவு என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்தப் பொய்தான் இப்போது வளர்ந்து, உங்கள் மேஜையில் வந்து உட்கார்ந்து, உங்கள் இரண்டு பேருக்கும் கார்டு தேர்ந்தெடுக்கிறது. அன்றைக்கு நீங்கள் கிளம்பிப் போன பிறகு அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அந்தப் பிள்ளை தலகாணி உறை வாங்கினாலும், தலவலி மாத்திரை வாங்கினாலும் ஒங்க சட்டைப்பை கிணுகிணுக்கணுமா? எனக்கு இப்படி ஒரு மாமனார் வாய்ச்சிருந்தா மறுநாளே ரயிலேறியிருப்பேன்." நான் மிச்சமிருந்த மிக்ஸரை டப்பாவில் கொட்டி மூடினேன். நித்யா என்னை மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பெண். நாலு வருஷம் கழித்து அவள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறவளாக ஆகியிருந்தால், அது ஏன் என்று எந்தச் செய்தியும் எனக்கு வந்திருக்காது. நீயும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் பேசிக்கொண்டிருப்பாய். அந்த வேலையை உனக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்க எனக்கு மனசில்லை.

செவ்வாய்க்கிழமை வங்கிக்குப் போன் செய்தேன். ஹிந்தியில் ஒரு பெண் பேசினாள், உன்னைவிடச் சின்னவளாக இருக்கும். ஆட்-ஆன் கார்டை மூட வேண்டும் என்றதும், "சார், எங்கள் சேவையில் ஏதாவது குறையா?" என்றாள். உங்கள் சேவையைப் போல் சேவை மூவுலகத்திலும் இல்லையம்மா என்றேன். "கட்டணம் அதிகமா? தள்ளுபடிக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கட்டுமா, சார்?" இல்லையம்மா. "கார்டு தொலைந்துவிட்டதா?" இல்லை. "அப்படியென்றால் காரணம் என்னவென்று போடட்டும்?" பையனுக்குக் கல்யாணம் என்றேன். அவள், "இந்தப் பட்டியலில் அப்படி ஒரு காரணம் இல்லையே, சார்" என்றாள். அப்புறம் அவளே, "வாழ்த்துகள் சார், 'மற்றவை' என்று போட்டுக்கொள்கிறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு பால்கனியில் போய் நின்று, யாருக்கும் தேவையில்லாமல் செடிக்கு இரண்டாவது தடவையாகத் தண்ணீர் ஊற்றினேன்.

சரி, நடுவரின் தீர்ப்பு. கார்டு விஷயத்தில் நித்யா சொன்னதுதான் சரி. உங்கள் பெரிய செலவு என் கார்டுக்கு வராது என்று ஆன பிறகு, மாசம் ஒன்பதாயிரம் ஆன்லைனில் செலவு செய்கிற வீட்டுக்குக் கட்டணக் கார்டுதான் லாபம். கட்டணத்தையும் வரியையும் கழித்துப் பார்த்தாலும் வருஷத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் போல அதிகம் வரும், நானும் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். மாசச் செலவு மூவாயிரத்துக்குக் கீழே இறங்கினால் அப்போது ஃப்ரீ கார்டு ஜெயிக்கும். ஆனால் ஏற்கெனவே செய்கிற செலவை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். தள்ளுபடிக்கு இன்னும் பதினோராயிரம் குறைகிறதே என்று நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில் ஒரு மார்ச் மாசம் தேவையில்லாத மிக்ஸி வாங்கிய மகானுபாவன்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான், அந்த மிக்ஸி இன்னும் பரண்மேல் டப்பாவோடு தூங்குகிறது. வாடகைக்கும் பெட்ரோலுக்கும் அநேகமாகக் கேஷ்பேக் கிடையாது, அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பில் வந்தால் முழுசாகக் கட்டு. குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று எழுதியிருப்பான், அதை நம்பினாயோ, வருஷம் முழுக்கச் சேர்த்த கேஷ்பேக்கை ஒரே மாச வட்டி விழுங்கிவிட்டு இன்னும் பசிக்கிறது என்னும்.

இன்னொன்று, இது வங்கிக்காரன் சொல்லமாட்டான். கட்டணக் கார்டை நித்யா தன் பேரில் வாங்கட்டும், ஆன்லைன் சாமானுக்கு. கடைகளில் தேய்க்க, ஒன்றரை ரூபாய் தருகிற ஃப்ரீ கார்டை நீ உன் பேரில் வாங்கு. ஒருத்தர் கணக்கின்கீழ் இன்னொருத்தர் ஆட்-ஆன் வாங்காதீர்கள். கூட்டிக் கழித்தால் அதில் இருபது முப்பது ரூபாய் லாபம்கூட வரலாம், வந்துவிட்டுப் போகட்டும், வேண்டாம். அவள் தன் சிநேகிதிக்கு எத்தனை ரூபாய்க்குப் பிறந்தநாள் பரிசு வாங்கினாள் என்று உன் போன் சொல்லாமல் இருக்கட்டும். ராத்திரி சாப்பிடும்போது அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் ரசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோ. ஒரு மனுஷனின் நாளைத் தெரிந்துவைத்திருப்பதும், அந்த மனுஷனோடு பேசுவதும் ஒன்று என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் சொல்கிறேன்.

நித்யா, இதை வாசித்துக்கொண்டிருக்கிற உனக்கும் ஒரு வார்த்தை அம்மா. நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் சிரித்ததை மன்னித்துவிடு. கல்யாணத்துக்கு அப்புறம் ஓடிபிக்கு யாரும் மாமாவுக்குப் போன் செய்ய வேண்டாம். சும்மா போன் செய்தால் மாமா எடுப்பார், அரை மணி நேரம் விடமாட்டார், அது வேறு ஆபத்து.

ஏலே ஆறுமுகம், கட்டில் கடையில் உனக்கு வந்த அவமானத்துக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. உன் நண்பர்கள் வரவேற்பில் டான்ஸ் ஆடச்சொன்னால்கூட ஆடுகிறேன், முட்டி என் பொறுப்பு. எட்டு நாளாக என் போன் மௌனமாக இருக்கிறது. நீ மத்தியானம் சாப்பிட்டாயா, மழையில் நனைந்தாயா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் இனி உன்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்பேன். வேலை மும்முரத்தில் பட்டினியாக உட்கார்ந்துகொண்டே, "சாப்டேன்பா" என்று நீ ஒரு பொய்யும் சொல்வாய். அதைச் சரிபார்க்க என்னிடம் ஒரு வழியும் இல்லை. "சரிலே" என்று நம்பிவிட்டுப் போனை வைக்க இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா